நின்ற புள்ளி நகர்வது எப்படி?

(ஈப்போ வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த கல்விக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

நமக்கு முன் பேசிய பெரியவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். விண்ணப்பப் பாரங்களை நிரப்பும் விதத்தையும் சொல்லிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்டிருப்பது அவ்வளவு பெரிய விஷயமல்ல. ஆனால் பல வீடுகளில் இரவு நேரத்தில் கண்ணீரை வரவழைக்கிற விஷயம் அது. பிள்ளை படிக்கவில்லை என்றால் கண்டிக்கலாம். பிள்ளை படிக்கிறது, இரவு பன்னிரண்டு மணி வரை விளக்கு எரிகிறது, ஆனாலும் புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

மூயெட் என்று நம் பிள்ளைகள் சொல்லும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1999ஆம் ஆண்டு முதல் மலேசியத் தேர்வு மன்றம் இதை நடத்தி வருகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டுமானால் இந்தச் சோதனையை எழுதியாக வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்த பேண்ட் என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். 2021ஆம் ஆண்டில் சோதனையின் அமைப்பை மாற்றினார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் இப்போது சம மதிப்பு; ஒவ்வொன்றுக்கும் 90 புள்ளி, மொத்தம் 360. இதில் 164 முதல் 210 வரை வாங்கினால் பேண்ட் 3.5. 211 முதல் 257 வரை வாங்கினால் பேண்ட் 4.0. அதாவது 210க்கும் 211க்கும் இடையில் ஒரே ஒரு புள்ளிதான். ஆனால் அந்த ஒரு புள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக வாசல் திறக்கும், இன்னொரு பிள்ளைக்கு அடைபடும்.

வாசலில் சோதனை வைப்பது நமக்குப் புதிதல்ல. இங்கே உட்கார்ந்திருக்கும் தாத்தாமார்கள் சிலருக்கு நினைவிருக்கும். 1957ஆம் ஆண்டு முதல் 1964 வரை ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தேறாத பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. 1965இல் தானாகவே மேல் வகுப்புக்குச் செல்லும் முறை வந்த பிறகுதான் அந்த வாசல் அகன்றது. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை ஏன் தவறினான் என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. வாளியையும் உளியையும் கையில் கொடுத்து நிரைக்கு அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் நம்மிடம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பது நம் அபிப்பிராயம். “இவனுக்கு இவ்வளவுதான் வரும்” என்று இன்றைக்கும் எத்தனை பேர் சொல்கிறோம்!

நம் சொந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாங்கள் மூவர் ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே தமிழ்ப் பள்ளியில் படித்து, ஆறாம் பாரம் வரைக்கும் ஒன்றாகப் போனவர்கள். அப்போது மூயெட்டின் மொத்தப் புள்ளி 300. பேண்ட் 3 வாங்க 140 வேண்டும். எங்களுக்கு முதல் முறை 131, 128, 134. இரண்டாம் முறை 133, 131, 132. மூன்றாம் முறையும் அதே வட்டத்துக்குள்தான். நாங்கள் செய்தது என்ன தெரியுமா? ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் படித்தோம். அதே பயிற்சிப் புத்தகம், அதே முறை, அதே மண்ணெண்ணெய் மணம் வீசும் பழைய ஸ்டோரின் பின்புறம். அந்தக் காலத்தில் வாசித்தலுக்கு மட்டும் 300இல் 120 புள்ளி இருந்தது என்பதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை! சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். முடிவில் ஒருவர் லாரி ஓட்டப் போனார், ஒருவர் சிங்கப்பூருக்குப் போனார், ஒருவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுத வந்தார். யாரும் கெட்டுப் போய்விடவில்லை. ஆனால் எங்களுக்கு மூளை இல்லை என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தோமே, அதுதான் வருத்தம். எங்களிடம் இல்லாமல் போனது கணக்குப் பார்க்கும் பழக்கம். கணக்கெழுதிப் பிழைக்க வந்த பிறகுதான் அது புரிந்தது.

இப்போது நாங்கள் மாலையில் பிள்ளைகளோடு உட்காருகிறோம். சம்பளம் வாங்கும் வகுப்பல்ல. வாத்தியார் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியும் நமக்கு இல்லை. அங்கே ஒரு தங்கை வந்தாள். தாய் முன்பு பால்மரம் சீவியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்குகிறார். தங்கை கேட்ட படிப்புக்கு பேண்ட் 4.0 வேண்டும். முதல் முறை 201, இரண்டாம் முறை 204, மூன்றாம் முறை 203. இடையில் ஒரு டியூஷன் நிலையத்தில் “நிச்சயம் பேண்ட் உயரும்” என்று சொல்லி மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். 2025இல்தான் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. அதில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதை நீங்களே அறிவீர்கள். அந்தப் பணத்துக்குக் கிடைத்தது ஒரு கட்டு மாதிரிக் கட்டுரைகள்.

மூன்றாம் முடிவு வந்த அன்று, “அண்ணே, நான் ஒரு புள்ளி இறங்கிட்டேன்” என்று அழுதாள். முதலில் அந்த அழுகையை நிறுத்த வேண்டியிருந்தது. தோழர்களே, பால் சீவியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரே மரம், ஒரே கை, ஒரே உளி. நேற்று மங்கு நிறைந்தது, இன்று கொஞ்சம் குறைகிறது. இரவு மழை பெய்திருக்கும், வெட்டு தாமதமாயிருக்கும், இலை உதிரும் காலமாயிருக்கும். அதற்காக மரம் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? சோதனையும் அப்படித்தான். எந்தச் சோதனையும் பிள்ளையின் திறமையைத் தராசில் வைத்ததுபோல் துல்லியமாக நிறுப்பதில்லை. அதே பிள்ளை மறுவாரம் வேறு தாள் எழுதினால் சில புள்ளி கூடும், சில புள்ளி குறையும். ஆகவே 201, 204, 203 என்பவை ஏற்றமும் அல்ல, இறக்கமும் அல்ல, மூன்றும் ஒன்றே. இதைப் புரிந்துகொண்டால் இரண்டு லாபம். ஒரு புள்ளி ஏறியதற்குக் கொண்டாட மாட்டோம். ஒரு புள்ளி இறங்கியதற்குக் கயிறு தேட மாட்டோம். கடுமையான வார்த்தைதான், மன்னிக்க வேண்டும். ஆனால் பரீட்சைக் காலத்தில் வீடுகளில் நடப்பதை அறிந்துதான் சொல்கிறோம்.

பிறகு மூன்று முடிவுத் தாள்களையும் வரிசையாக வைத்து, செக்ரோல் பார்ப்பதுபோல் பகுதி பகுதியாகப் பார்த்தோம். கடைசித் தாளில் கேட்டல் 47, வாசித்தல் 62, எழுதுதல் 49, பேசுதல் 45. முந்தைய இரண்டிலும் ஏறக்குறைய இதே நிலைதான். “தினமும் எதைப் படிக்கிறாய்?” என்று கேட்டோம். “வாசித்தல் தாள்தான் செய்கிறேன், அதுதான் எனக்கு நன்றாக வரும்” என்றாள். விஷயம் அங்கேதான் இருந்தது! நன்றாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்வது மனித சுபாவம். செய்யும்போது சந்தோஷமாக இருக்கும், உழைத்த திருப்தியும் கிடைக்கும். ஆனால் 62இல் இருப்பதை 65 ஆக்குவதைவிட, 45இல் இருப்பதை 50 ஆக்குவது எளிது. தேவையானது மொத்தம் எட்டுப் புள்ளி. அதை வறண்ட பட்டையில் தேடிக்கொண்டிருந்தாள்.

மரத்தின் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறோம். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளை நம் பேராக் மாநிலத்தில் கோலகங்சாரில்தான் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. நட்ட பிறகும் பல வருஷம் அதிலிருந்து ஒழுங்காகப் பால் எடுக்கத் தெரியவில்லை. கண்ட இடத்தில் கொத்தினால் மரம் புண்ணாகும், பால் நின்றுவிடும். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த ஹென்றி ரிட்லி, 1890களில், அதே வெட்டுவாயில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கும் முறையைக் கண்டார். மரம் மாறவில்லை, மண் மாறவில்லை, வெட்டு மாறியது. இன்னொன்றும் நமக்குத் தெரியும். ஆசைப்பட்டுத் தினமும் ஆழமாக வெட்டினால் பட்டை வறண்டுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிற மரம்தான் வருஷக் கணக்காகப் பால் தரும். நம் தங்கை நாளுக்கு ஒரு மாதிரித் தாள் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிய தாளைத் திருத்திப் பார்க்க நேரமில்லை. அடுத்த தாள் காத்திருக்கிறது!

கற்பதில் இப்படி ஒரு தேக்கம் ஏற்படுவதை நூறு வருஷங்களுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர் 1897லும் 1899லும் தந்தி அடிக்கப் பழகுகிறவர்களைப் பற்றி எழுதினார்கள். ஹார்ட்டர் தாமே தந்தி வேலை பார்த்தவர். அவர்கள் கண்டது இது: தந்தி அனுப்பும் வேகம் படிப்படியாக ஏறுகிறது. ஆனால் வரும் தந்தியைக் காதால் வாங்கும் வேகம் ஓரளவு ஏறி, பிறகு பல வாரம் அசையாமல் நிற்கிறது. பிறகு திடீரென்று மறுபடி ஏறுகிறது. ஏன்? ஆரம்பத்தில் பழகுகிறவர் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கிறார். எழுத்து எழுத்தாகக் கேட்டு எவ்வளவு வேகம் போக முடியுமோ அவ்வளவுதான் போக முடியும். பிறகு முழுச் சொல்லாகக் கேட்கவும், அதற்குப் பிறகு சொற்றொடராகக் கேட்கவும் பழகும்போது தடை விலகுகிறது. பின்னாளில் இதை மறுத்தவர்களும் உண்டு. 1958இல் கெல்லர் என்ற அமெரிக்க அறிஞர் இந்தத் தேக்கத்தை ஒரு மாயத் தோற்றம் என்றே எழுதினார். நமக்கு அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் இரண்டு கட்சியிலிருந்தும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்: தேக்கம் என்பது யார் தலையிலும் எழுதி வைத்த விதி அல்ல. பழைய முறை அதன் எல்லையைத் தொட்டுவிட்டதா என்று பார்க்கச் சொல்லும் மணி அது.

நம் தங்கைக்கு அந்த எல்லை எங்கே இருந்தது? கேட்டல் பகுதியில் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டு கேட்டாள். ஒரு சொல் புரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவாள். அதற்குள் பேச்சு அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஒரு கேள்வி போக வேண்டிய இடத்தில் மூன்று கேள்வி போகும். முப்பது கேள்வியில் இப்படி இரண்டு இடத்தில் நின்றால் கணக்கு என்னாகும்? இது சொல் தெரியாத குறை அல்ல. போனதை விட்டுவிடத் தெரியாத குறை. இதற்குச் சொற்பட்டியல் மருந்தாகாது. வானொலியில் ஆங்கிலச் செய்தியைப் போட்டு, எழுதாமல் கேட்டு, முடிந்தபின் “என்ன சொன்னார்கள்?” என்று நாலு வாக்கியத்தில் சொல்ல வைத்தோம்.

எழுதுதலில் வேறு கதை. மொத்தம் 75 நிமிஷம், இரண்டு கேள்வி. முதலாவது, வந்த கடிதத்துக்குப் பதில், 100 சொல்லுக்குக் குறையாமல். அதற்கு 25 நிமிஷம். இரண்டாவது, 250 சொல்லுக்குக் குறையாத கட்டுரை. அதற்கு 50 நிமிஷம். தங்கை கடிதத்துக்கே நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டாள், அழகாக எழுத வேண்டும் என்று. கட்டுரைக்கு மிச்ச நேரம். அந்த அவசரத்தில் டியூஷனில் கொடுத்த மாதிரி முன்னுரையை அப்படியே இறக்கிவிடுவாள். கேள்வி குப்பை மறுசுழற்சியைப் பற்றியது, முன்னுரை உலகமயத்தைப் பற்றியது! மேசையில் கடிகாரம் வைத்தோம். 25 நிமிஷம் ஆனதும் பேனாவை எடுத்துவிடுவோம். முதல் பத்து நாள் நம்மை மனத்துக்குள் திட்டியிருப்பாள்.

இந்த இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பிழைக் கணக்கு என்று அழைக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: எந்தக் கேள்வி, என்ன எழுதினேன், ஏன் எழுதினேன். மூன்றாவது பத்திதான் முக்கியம். “கவனக் குறைவு” என்று எழுதக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறோம். அலுவலகத்தில் ஓர் ஆளின் பெயர் விட்டுப்போனால் “கவனக் குறைவு” என்று எழுதினால் மானேஜர் ஏற்பாரா? எந்த நிரை, எந்தக் கங்காணி, எந்த நேரம் என்று காரணம் வேண்டும். அதுபோல, சொல் தெரியவில்லையா, தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் படித்தோமா, நேரம் போதவில்லையா, இரண்டு விடையில் மயங்கினோமா என்று பிரித்து எழுத வேண்டும். நாற்பது பிழை சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டே காரணம் மறுபடி மறுபடி வரும். வாரத்துக்கு ஒரு தாள் முழு நேரக் கட்டுப்பாட்டோடு எழுதினால் போதும். மற்ற நாட்கள் இந்த நோட்டுக்கே.

அந்த நோட்டை எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் மாணாக்கர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவிட்டு எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சை ஐந்து நிமிஷம் கழித்தா வருகிறது? ஆகவே மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டே இருப்பதை நிறுத்திவிட்டு, நோட்டை மூடுங்கள், எழுதிப் பாருங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். மறந்திருக்கும். மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் அது பதிகிறது.

பேசுதல்தான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய மலை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், ஆங்கிலம் தாளில் மட்டும். வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்ற பயம். சோதனையில் இரண்டு நிமிஷம் யோசிக்கக் கொடுத்து, இரண்டு நிமிஷம் தனியாகப் பேசச் சொல்வார்கள்; பிறகு குழுவாக விவாதம். நாங்கள் பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்தோம். தலைப்பு வெளியே தேடவில்லை. லயத்துக்குத் தண்ணீர் ஏன் ஒழுங்காக வருவதில்லை, ரப்பரை எடுத்துச் செம்பனை போட்டது யாருக்கு லாபம், இளைஞர்கள் ஏன் சிங்கப்பூருக்குப் போகிறார்கள் என்று கொடுத்தோம். உலகமயத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் பேச முடியாத பிள்ளை, தண்ணீர்க் குழாயைப் பற்றி உடைந்த ஆங்கிலத்தில் நான்கு நிமிஷம் சண்டை போட்டது! இலக்கணத்தைப் பிறகு திருத்தினோம். சொல்ல விஷயம் இருந்தால் வாய் திறக்கிறது. இது நாம் கண்ணால் கண்டது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் உதவ முடியாது என்று நினைக்க வேண்டாம். பிள்ளை இரண்டு நிமிஷம் பேசும்போது கடிகாரம் பார்க்க ஆங்கிலம் எதற்கு? நோட்டில் மூன்றாவது பத்தி காலியாக இருக்கிறதா என்று பார்க்க ஆங்கிலம் எதற்கு? தங்கையின் தாயார் இதைத்தான் செய்தார். இன்னொன்று, இரவு பன்னிரண்டுக்கு மேல் விளக்கை அணையுங்கள். நீங்கள் விடியுமுன் எழுந்து பழகியவர்கள்; தூக்கமில்லாத கை உளியை எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேண்டைச் சாப்பாட்டு வேளையில் பேசாதீர்கள்.

தங்கையின் கதையை முடித்துவிடுகிறோம். நான்காம் முறை எழுதினாள். 209. இரண்டு புள்ளி குறைவு! பேசுதல் 48, கேட்டல் 51 என்று ஏறியிருந்தது. எழுதுதல் ஒரே ஒரு புள்ளி. வாசித்தல் இரண்டு குறைந்து 60. அன்று அவள் அழவில்லை. நாம்தான் சோர்ந்து போனோம். “அண்ணே, இந்த முறை நகர்ந்திருக்கு, பாருங்க” என்று அவள்தான் தாளைக் காட்டினாள். ஐந்தாம் முறை கேட்டல் 53, வாசித்தல் 61, எழுதுதல் 54, பேசுதல் 50. மொத்தம் 218. ஒரு சேர்க்கை ஆண்டு கையை விட்டுப் போனதும் உண்மைதான். அதை நாம் மூடி மறைக்கவில்லை. முன்பே பகுதி பகுதியாகப் பார்த்திருந்தால் அந்த ஆண்டு போயிருக்காது. இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மூயெட் மட்டும் போதாது. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. முடிவுக்குக் காத்திருக்கிறோம். காத்திருக்கிற நாட்களில் அவளே மாலையில் வந்து, சின்னப் பிள்ளைகளின் நோட்டில் மூன்றாவது பத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம்மைவிடக் கண்டிப்பு!

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் நம்மைப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. வரும்போது இதுவரை எழுதிய எல்லா முடிவுத் தாள்களையும் கொண்டுவர வேண்டும். புள்ளி குறைந்த தாளை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு வரக் கூடாது. இரண்டு தடிப்பான நோட்டும் ஒரு கடிகாரமும் வேண்டும். கைப்பேசி கடிகாரமாகாது.